வீட்டு மாமரம் பூக்கல, பிஞ்சு நிக்கல, பழத்துல புழு: மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்

எங்க வீடு கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம். வீட்டைச் சுத்தி 14 மாமரம் இருக்கு, 9 பெங்களூரா, 2 செந்தூரா, அப்புறம் அல்போன்சா, நீலம், இமாம் பசந்த் ஒண்ணொண்ணு, எல்லாமே சந்தூர்ல வாங்குன ஒட்டுக்கன்னு. ஜனவரி பொறந்தா போதும், சொந்தக்காரங்க தெரிஞ்சவங்கன்னு வாட்ஸப்ல போட்டோ வர ஆரம்பிச்சுடும், "மாமா இந்தப் பூவைப் பாருங்க", "அண்ணா இலை கருகுது என்ன அடிக்கறது". பாதிப் பேரு போட்டோ அனுப்பும்போதே கடையில மருந்து வாங்கி கையில வச்சிருப்பாங்க. நேர்ல போய் பாத்தா அந்த மருந்துக்கும் மரத்துல இருக்கற கோளாறுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால எது தெரியுதோ அதை வச்சு என்ன பாக்கணும்னு வரிசையா எழுதிடறேன். காசு செலவில்லாதது முதல்ல, செலவு வைக்கறது கடைசில.

கையில வேண்டியது ஒரு வெள்ளைப் பேப்பர், ஒரு கடப்பாரை இல்லன்னா மண்வெட்டி, ஒரு கத்தி, ஒரு பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி. அவ்ளோதான்.

மரம் பூக்கவே இல்ல

*வயசு ஆச்சா?*
ஒட்டுக்கன்னுன்னா 4, 5 வருஷத்துல நம்பிக்கையா எதிர்பாக்கலாம். அதுக்கு முன்னாடி வர்ற பூவை முதல் 3 வருஷம் கிள்ளிப் போட்டுடணும், மனசு கேக்காது, ஆனா கன்னு வளரணும்ல. கொட்டை போட்டு முளைச்ச மரம்னா 7, 8 வருஷம், சிலது அதுக்கும் மேல. அதுக்கு மருந்தே கிடையாது, பொறுமை தான்.

*மண்ணு ஈரமாவே இருக்கா?*
என்னைக் கேட்டா எங்க பக்கம் வீட்டு மரத்துல பூக்காத கதை முக்கால்வாசி இதுதான். மாமரத்துக்கு பூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் காய்ச்சல் வேணும், மண்ணு காயணும், ராத்திரி குளிரு விழணும், அப்பத்தான் துளிர் விடறதை நிறுத்திட்டு பூவுக்குத் திரும்பும். தோட்டத்துல இருக்கற மரத்துக்கு அது தானா நடக்குது, வீட்டு மரத்துக்கு நாம விடமாட்டேங்கறோம். தருமபுரில எங்க அத்தை வீட்டுல ஒரு மல்கோவா, 11 வருஷ மரம், யானை மாதிரி நிக்குது, பூ மட்டும் கிடையாது. மல்கோவாவே கொஞ்சம் முரண்டு பிடிக்கற ரகம்தான்னு நானும் ரெண்டு வருஷம் அதையே சொல்லிட்டிருந்தேன். ஒரு டிசம்பர்ல போனப்ப மரம் முழுக்க செம்பு நிறத்துல புதுத் துளிர், அப்பத்தான் சந்தேகம் வந்து தரையைப் பாத்தேன், துணி துவைக்கற கல்லுத் தண்ணியும் பாத்திரம் கழுவற தண்ணியும் சின்ன வாய்க்கா மாதிரி நேரா மரத்தடிக்குப் போகுது, வருஷம் 365 நாளும். வாய்க்காலை மண்ணு போட்டு அடைச்சு வாழை வச்சிருந்த பக்கம் திருப்பி விட்டோம், ஒரு ரூபா செலவில்ல, அடுத்த பருவத்துல கீழ்க்கிளை வரைக்கும் பூ.

சோதிக்கறது எப்படின்னா, நவம்பர் கடைசில வடகிழக்கு மழை ஓஞ்சதும் மரத்து நிழல் விழற ஓரத்துல ஒரு அடி தோண்டுங்க. அடிமண்ணை எடுத்து கையில பிடிச்சு அழுத்துங்க, உருண்டை நிக்குதுன்னா ஈரம் ஜாஸ்தி, உதிர்ந்துடுச்சுன்னா சரி. ஈரமா இருந்தா எங்கிருந்து வருதுன்னு தேடுங்க, குளியலறைத் தண்ணி, தண்ணித் தொட்டி கசிவு, உறிஞ்சுகுழி, பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போற டியூப்.

*எப்ப உரம் வச்சீங்க?*
அக்டோபர் நவம்பர்ல யூரியா போட்டா மரம் இலையா தள்ளும். காய் பறிச்சு முடிச்சதும் ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள வச்சு முடிச்சுடுங்க. 6 வயசுக்கு மேல உள்ள மரத்துக்கு 50 கிலோ தொழு உரம் வரைக்கும் தாராளமா போடலாம், ஆனா தண்டுக்குப் பக்கத்துல கொட்டாதீங்க, உறிஞ்சற வேரு அங்க இல்ல, நிழல் ஓரத்துல வட்டமா எடுத்துப் போடுங்க.

*வெயில் படுதா?*
பக்கத்துல மாடி கட்டி நிழல் விழுந்துடுச்சுன்னா வெயில் படற பக்கம் மட்டும்தான் பூக்கும். காய் முடிஞ்சதும் நடுவுல உள்ள கிளை ஒண்ணு ரெண்டு எடுத்துட்டா வெளிச்சம் உள்ள இறங்கும்.

*போன வருஷம் கொட்டிக் கொட்டி காய்ச்சுதா?*
அல்போன்சா, இமாம் பசந்த், மல்கோவா இதெல்லாம் ஒரு வருஷம் காய்ச்சு ஒரு வருஷம் ஓய்வெடுக்கும். பெங்களூராவும் நீலமும் அந்த அளவுக்கு ஏமாத்தாது. சந்தையில இந்தப் பக்கம் பெங்களூரா இவ்ளோ நிக்கறதுக்கு மாம்பழக் கூழ் ஃபேக்டரி மட்டும் காரணமில்ல, இந்த குணமும் தான்.

*பிப்ரவரி வந்தும் ஒண்ணும் தெரியல*
இலை முத்தி கரும்பச்சையா மடக்குனா ஒடியற மாதிரி இருந்தா மட்டும், கடையில 13-0-45ன்னு (பொட்டாசியம் நைட்ரேட் உரம்) கேட்டு வாங்கி லிட்டருக்கு 10 கிராம் கலந்து சாயங்காலமா இலை நனையற மாதிரி அடிங்க. துளிர் இளசா இருக்கறப்ப அடிச்சா பிரயோஜனமில்ல.

*கல்டார் ஊத்தலாமா?*
கடையில முதல்ல இதைத்தான் சொல்றாங்க, நான் கடைசில சொல்றேன். பக்லோபியூட்ரசால்ங்கற வளர்ச்சியை அமுக்கற மருந்து அது, அளவு கூடினா பூங்கொத்து குட்டையா கட்டையா வரும், மண்ணுலயும் ரொம்ப நாள் நிக்கும். வீட்டு மரத்துக்கு நீங்களா ஊத்தாதீங்க. மேல சொன்னதெல்லாம் சரி பண்ணி ரெண்டு பருவம் பாத்தும் பூக்கலன்னா தோட்டக்கலை அலுவலரைக் கூட்டிட்டு வந்து மரத்தைக் காட்டி, அவங்க சுத்தளவு பாத்து சொல்ற அளவுல மட்டும் ஊத்துங்க.

பூ வந்துச்சு, ஆனா கருகிக் கொட்டுது

முதல்ல ஒண்ணு. மாம்பூங்கொத்துல ஆயிரக்கணக்குல பூ இருக்கும், பெரும்பாலும் ஆண் பூ, அதெல்லாம் கொட்டத்தான் செய்யும். தரையில பூ கம்பளம் விரிச்ச மாதிரி கிடக்குன்னு போட்டோ அனுப்பறாங்க, அது கோளாறே இல்ல. ஒரு கொத்துல ஒண்ணு ரெண்டு காய் நின்னாலே மரம் தாங்காது. கொத்தோட காம்பு பச்சையா இருந்தா விட்டுடுங்க. காம்பே கருகுதுன்னா கீழ உள்ளதைப் படிங்க.

காலைல பனி விலகுனதும் மரத்தடிக்குப் போங்க.

*கிளையை ஆட்டுனா பொட்டுபொட்டுன்னு தெறிச்சுப் பறக்குது, இலை கையில ஒட்டுது*
தத்துப்பூச்சி. ஆப்பு மாதிரி சின்னதா பழுப்பா இருக்கும், சாறு உறிஞ்சிட்டு தேன் மாதிரி கழிவு விடும், அதான் ஒட்டுது. கொஞ்சமா இருந்தா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூட கொஞ்சம் சோப்புத் தண்ணி. வேப்பெண்ணெயை நேரா தண்ணில ஊத்துனா மிதக்கும், சோப்போட கலக்கி பால் மாதிரி ஆனதும் தண்ணி சேருங்க. நிறைய இருந்தா இமிடாகுளோபிரிட் 17.8 சதவீத மருந்து லிட்டருக்கு 0.3 மில்லி, அதுவும் கொத்து வெளிய வர்ற நேரத்துல ஒரு தடவை, அவசியம்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை. பூ முழுசா விரிஞ்சு நிக்கறப்ப பூச்சி மருந்து அடிக்கவே அடிக்காதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். மாம்பூவுக்கு மகரந்தம் சேக்கறது ஈயும் தேனீயும் தான், வீட்டு ஈ மாதிரி இருக்கற ஈ கூட அந்த வேலையைச் செய்யுது, அதையெல்லாம் கொன்னுட்டு அப்புறம் பிஞ்சு பிடிக்கலன்னு சொல்லி என்ன பண்றது.

*கொத்து மேல சாம்பல் தூவுன மாதிரி*
சாம்பல் நோய். பகல்ல வெயில், ராத்திரி குளிரு, காலைல பனி, இது மூணும் சேர்ந்தா வரும். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் குளிரு ஜாஸ்தி, அங்க கவனமா பாக்கணும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறறதுக்கு முன்னாடியோ சாயங்காலமோ அடிங்க, உச்சி வெயில்ல கந்தகம் அடிச்சா இலையும் பூவும் பொசுங்கிடும்.

*வெள்ளைப் பேப்பர்ல கொத்தைத் தட்டுனா நூல் துண்டு மாதிரி மஞ்சளா ஊறுது*
இலைப்பேன். கண்ணுக்கு சட்டுனு தெரியாது, பேப்பர்ல தட்டுனாத்தான் தெரியும், போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க. பிஞ்சுத் தோலு சொரசொரன்னு பழுப்பா வர்றதும் இதனால தான். நீல நிற ஒட்டும் அட்டை தொங்க விடுங்க, வேப்பெண்ணெய் அடிங்க. அடங்கலன்னா இதுல மட்டும் நீங்களா மருந்து வாங்கி அடிக்காதீங்க, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா பூச்சி பழகிடுது, நம்ம மாவட்டத்து தோட்டங்கள்ல அதான் பெரிய தலைவலி. அலுவலரைக் கேட்டு அடிங்க.

*மழை தூறல் வந்த மறுநாள்ல இருந்து கறுப்புப் புள்ளி*
ஆந்த்ராக்நோஸ்ங்கற பூஞ்சாண நோய், இலைலயும் அதே மாதிரி புள்ளி இருக்கும். கார்பெண்டாசிம் லிட்டருக்கு 1 கிராம்.

மரம் 20 அடிக்கு மேல போயிடுச்சுன்னா கைத்தெளிப்பான் எட்டாது, பாதி மருந்து நம்ம மேல தான் விழும். பவர் ஸ்பிரேயர் வச்சிருக்கறவரை ஒரு தெருவே சேர்ந்து கூப்பிட்டா கூலி கட்டுப்படியாகும்.

பிஞ்சு கொட்டுது

கடுகு அளவு, பட்டாணி அளவுல கொட்டறது பெரும்பாலும் மரமே கழிச்சு விடறது. கோலி அளவுக்கு மேல வந்து கொட்டுனாத்தான் கவலைப்படணும். விழுந்ததுல பத்து பிஞ்சைப் பொறுக்கி கத்தியால ரெண்டா வெட்டிப் பாருங்க.

*உள்ள சுத்தமா இருக்கு*
தண்ணிக் குறையா இருக்கும், இல்லன்னா வெயிலா இருக்கும். பூக்கற வரைக்கும் தண்ணி வேண்டாம்னு சொன்னதை சிலபேரு காய் வந்த பிறகும் பிடிச்சிட்டு இருக்காங்க, அது தப்பு. பட்டாணி அளவு வந்ததும் தண்ணி ஆரம்பிச்சு வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை நிழல் ஓரத்துல நல்லா ஊற விடணும், தினம் ஒரு குடம் தண்டுல ஊத்தறதுக்கு அர்த்தமில்ல. 2024 கோடை ஞாபகம் இருக்கும், இங்க எத்தனை பேரு டேங்கர் வாங்கி மரத்துக்கு ஊத்துனாங்க. காஞ்ச சருகு, வைக்கோல், தேங்கா மட்டை எது கிடைச்சாலும் அடியில மூடாக்கு போடுங்க, தண்டுல படாம ஒரு அடி தள்ளி.

அப்பவும் நிக்கலன்னா கடுகு அளவு இருக்கறப்ப 13-0-45 லிட்டருக்கு 20 கிராம் ஒரு தடவை அடிச்சா பிடிப்பு நல்லா இருக்கும். பூ சமயத்துல என்ஏஏ ஹார்மோன் 20 பிபிஎம் அடிக்கறதும் உண்டு, 4.5 சதவீத பாட்டில்ல லிட்டருக்கு அரை மில்லிக்கும் கொஞ்சம் கம்மி. இதுல கை தாராளம் வேண்டாம், அளவு கூடுனா ஹார்மோனே பிஞ்சை உதிர்த்துடும். ஊசி சிரிஞ்சில அளந்து ஊத்துங்க, மூடி கணக்கு வேண்டாம்.

*உள்ள கொட்டைல சின்னப் புழு*
மாங்கொட்டை வண்டு. கீழ பழத்துக்கு சொல்றதுல இருக்கு.

இலை நுனி கருகுது, ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி

கிருஷ்ணகிரி, தருமபுரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் உரிய பிரச்சனை இது, கொஞ்சம் நின்னு சொல்றேன். போர் தண்ணி உப்பு. ஃபுளோரைடு ஜாஸ்தின்னு தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு, ஆயிரம் அடி போட்டு எடுக்கற தண்ணில என்னென்ன கரைஞ்சு வருதுன்னு மரத்துக்குத்தான் தெரியும். முத்துன இலையோட நுனில ஆரம்பிச்சு ஓரமா பழுப்பு ஏறும், நோய்ல வர்ற மாதிரி வட்டப்புள்ளியா இருக்காது, மழைக்காலத்துக்கு அப்புறம் வர்ற துளிர் நல்லா இருக்கும், மறுபடி ஏப்ரல்ல கருகும். இப்படி இருந்தா உப்புன்னு வச்சுக்கலாம்.

முதல்ல ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. வீணாப் போகக்கூடாதுங்கற நல்ல எண்ணத்துல தான் மரத்துக்கு விடறாங்க, ஆனா போர் தண்ணில உள்ள உப்பு மொத்தமும் செறிஞ்சு வர்ற தண்ணி அது. வாசல் கழுவ, கழிப்பறைக்கு ஊத்த வச்சுக்குங்க. அடுத்து பொட்டாஷ், சிகப்பா இருக்கற சாதா பொட்டாஷ்ல குளோரைடு இருக்கு, நுனிக் கருகலை அது இன்னும் ஏத்தும். அதுக்கு பதிலா 0-0-50 (சல்பேட் பொட்டாஷ்) வாங்குங்க, விலை ஜாஸ்தி தான், வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு மரத்துக்கு தாங்கலாம். மொட்டைமாடி மழைத்தண்ணிக் குழாயை மரத்துப் பாத்திக்குத் திருப்பி விட்டா செப்டம்பர் அக்டோபர் மழைலயே உப்பு கீழ இறங்கிடும், எங்க வீட்டு அல்போன்சா அப்படித்தான் தேறுச்சு.

தண்ணி எவ்ளோ உப்புன்னு குத்துமதிப்பா தெரிஞ்சுக்க ஆர்ஓ சர்வீஸ்க்கு வர்றவர்கிட்ட டிடிஎஸ் மீட்டர் இருக்கும், ஒரு டம்ளர் போர் தண்ணில வச்சுப் பாக்க சொல்லுங்க. இவ்ளோ பண்ணியும் புதுத்துளிரே கருகிட்டு வந்தா மண்ணும் தண்ணியும் மண் பரிசோதனை நிலையத்துல குடுத்துடுங்க, அதுக்கு மேல கண்ணால பாத்து சொல்ற விஷயமில்ல.

இலை மேல கரி பூசுன மாதிரி கறுப்பு

தொட்டா கையில கரி வரும். அது தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி விட்ட தேன் மேல வளர்ற பூஞ்சாணம். பூச்சியை அடக்காம கரியை மட்டும் கழுவுனா திரும்ப வரும். பூச்சி அடங்குனதும் 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணில கஞ்சி காய்ச்சி ஆற வச்சு 20 லிட்டராக்கி வடிகட்டி வெயில் நாள்ல அடிங்க, காஞ்சதும் அப்பளம் மாதிரி கரியோட பேந்து விழும். மேகமூட்டமா இருந்தா வேண்டாம், கஞ்சியே பூஞ்சாணத்துக்கு சாப்பாடாயிடும்.

பழத்துல கோளாறு

*சதைக்குள்ள வெள்ளைப் புழு நெளியுது*
பழ ஈ. முத்துன காய்ல ஊசி குத்துன மாதிரி புள்ளி இருக்கும், சுத்தி அழுகல். செந்தூரா சீக்கிரம் முடிஞ்சுடறதால தப்பிச்சுக்கும், மழை தொடங்குன பிறகு வர்ற நீலத்துல தான் மொத்தமும் இறங்கும். விழுந்த பழத்தை அன்னைக்கே பொறுக்கி ரெண்டடி குழி தோண்டிப் புதைங்க, குப்பைமேட்டுல போட்டா அங்கிருந்தே அடுத்த தலைமுறை கிளம்பி வரும். புழு மண்ணுக்குள்ள போய்த்தான் கூட்டுப்புழு ஆகுது, மரத்தடியை லேசா கொத்தி விட்டா கோழி பொறுக்கிக்கும், இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியல. அப்புறம் மெத்தில் யூஜினால் பொறி, ஆண் ஈ மட்டும் தான் மாட்டும், அதனால நீங்க ஒருத்தர் கட்டுனா பத்தாது, பக்கத்து வீடுகளையும் கட்ட சொல்லுங்க, அறுவடைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே. நல்ல ரகம் கொஞ்சம்தான் காய்ச்சிருக்குன்னா காய்க்கு காய் பேப்பர் பை மாட்டிடுங்க, இமாம் பசந்துக்கு நான் அதைத்தான் பண்றேன்.

*வெளிய பளபளன்னு இருக்கு, கொட்டைக்குள்ள கறுப்பு வண்டு*
காய் கோலி அளவுல இருக்கறப்பவே வண்டு முட்டை வச்சு, புழு கொட்டைக்குள்ள போயிடுது, தோல்ல ஓட்டை மூடிடும். பெங்களூரா, நீலத்துல நிறைய. சதை நல்லா இருந்தா தாராளமா சாப்பிடலாம். பழமான பிறகு மருந்து அடிச்சு ஒரு பலனும் இல்ல. சாப்பிட்ட கொட்டையை தோட்டத்துல எறியாதீங்க, எரிச்சுடுங்க. வண்டு பட்டை இடுக்குல தான் அடுத்த பருவம் வரைக்கும் ஒளிஞ்சிருக்கும், ஜனவரிக்கு முன்னாடி உரிஞ்ச பட்டையை சுரண்டி சுத்தம் பண்ணுங்க.

*அல்போன்சா வெட்டுனா நடுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி*
பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. இந்த ரகத்தோட குணம், தரைல இருந்து ஏறற வெப்பம் அதை ஜாஸ்தியாக்குது. மரத்துல பழுக்க விடாம காம்புப் பக்கத் தோள் நிமிர்ந்து முத்துனதும் பறிச்சு வைக்கோல்ல பழுக்க வைங்க, அடியில மூடாக்கு போடுங்க. சிமெண்ட் போட்ட முற்றத்துல நிக்கற அல்போன்சாவுக்கு இது வராம இருக்கறது கஷ்டம்.

*காய் வெடிக்குது*
ரொம்ப நாள் காயப்போட்டு திடீர்னு தண்ணி விட்டா, இல்லன்னா கோடைமழை கொட்டுனா வெடிக்கும். தண்ணியை சீரா விட்டாலே பாதி சரியாகும்.

கிளை நுனில இருந்து காஞ்சுட்டு வருது

காஞ்ச இடத்துல இருந்து நாலு விரக்கடை கீழ, பச்சை தெரியற இடத்துல வெட்டுங்க. வெட்டு வாய்ல போர்டோ பசை தடவணும், 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் தண்ணில, 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டர்ல, தனித்தனியா கரைச்சு சேருங்க, பிளாஸ்டிக் வாளில தான், இரும்பு ஆகாது. வெட்டுன கத்தியை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி கழுவுங்க.

தண்டுல ஓட்டை, மரத்தூள், பிசின்

இதுக்கு மட்டும் நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. தண்டு துளைப்பான் புழு விரல் தடிக்கு இருக்கும், உள்ளயே மாசக்கணக்குல தின்னுட்டு இருக்கும், வெளிய தெரியறது கொஞ்சம் தூள் மட்டும் தான். தூளை சுத்தமா துடைச்சுட்டு மறுநாள் காலைல பாருங்க, புதுத்தூள் விழுந்திருந்தா புழு உயிரோட இருக்கு. ஸ்போக் கம்பி நுனியை கொக்கி மாதிரி வளைச்சு ஓட்டைல விட்டு திருகி இழுங்க, ஈரமா ஏதாவது கம்பில ஒட்டி வந்தா புழு செத்துடுச்சு. அகப்படலன்னா பெட்ரோல்ல நனைச்ச பஞ்சை உள்ள தள்ளி களிமண்ணால இறுக்கமா அடைச்சுடுங்க. மூணு நாள்ல மறுபடி தூள் வந்தா திரும்பவும் பண்ணணும்.

எங்க சித்தப்பா ஒருத்தர் தூளைப் பாத்து கரையான்னு நினைச்சு கரையான் பொடி தூவிட்டே இருந்தாரு, அடுத்த கோடைல ஒரு பக்கக் கிளை மொத்தமா ஒடிஞ்சு விழுந்துச்சு, 20 வருஷ செந்தூரா. கரையான்னா பட்டை மேல மண்ணு தடம் இருக்கும், சுரண்டுனா உதிரும், ஓட்டை இருக்காது. இந்த வித்தியாசம் தெரிஞ்சா போதும்.

ஓட்டை மூணு நாலுக்கு மேல இருந்தா, இல்ல ஒரு பக்கம் முழுக்க இலை வாடுனா நீங்களா நோண்டாதீங்க. வீட்டுக் கூரை மேலயோ கரண்ட் கம்பி மேலயோ சாஞ்ச கிளைன்னா மரம் வெட்டற ஆளும் மின்வாரிய ஆளும் வந்துதான் எடுக்கணும்.

ஒட்டுக்கன்னு வச்சேன், காய் வேற மாதிரி வருது

தண்டோட அடில ஒட்டுக் கட்டுன தழும்பைத் தேடுங்க. அதுக்குக் கீழ இருந்து கிளம்புன கிளை நாட்டு மாங்கன்னு, அது வேகமா வளர்ந்து மேல உள்ள நல்ல ரகத்தை அமுக்கிடும். சின்னதுலயே கிள்ளிடணும். மேல உள்ளது செத்தே போயிருந்தா அந்த நாட்டுத் தண்டுலயே வேற ரகம் ஒட்டு கட்டலாம், சந்தூர் பக்கம் ஒட்டுக் கட்டறவங்க வீட்டுக்கே வந்து கட்டித் தர்றாங்க, மரத்தைப் பிடுங்க வேண்டியதில்ல.

யாரைக் கேக்கறது

உங்க வட்டாரத்து தோட்டக்கலை உதவி இயக்குநர் ஆபீஸ் தான் முதல்ல. கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு எலுமிச்சங்கிரில, தருமபுரிக்காரங்களுக்கு பாப்பாரப்பட்டில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, பையூர்ல வேளாண் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையம். போன்ல கேக்க கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசில்ல, தமிழ்லயே பேசலாம்.

போகும்போது வெறும் போட்டோவோட போகாதீங்க. நல்ல இலையும் கோளாறு இலையும் கிளையோட ஒடிச்சு பேப்பர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து அழுகிடும். என்ன ரகம், என்ன வயசு, கடைசியா எப்ப தண்ணி விட்டீங்க, என்ன உரம், என்ன மருந்து எந்தத் தேதில அடிச்சீங்கன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி வச்சுக்குங்க, அங்க கேக்கற முதல் அஞ்சு கேள்வி அதுதான்.